ஞானமுத்து மகன்

வேலைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, புது கம்பெனி கொடுத்த அடையாள அட்டையை நீட்டினார்.

"ஏளா, பாத்தியா? வேலை மாறுனதும் அப்பாவையும் மாத்திட்டானுவ."

அட்டையில் 'என். நேசக்குமார்' என்று இருந்தது. என் மாமனார் பெயர் ஞானமுத்து. பள்ளிச் சான்றிதழில் அதை ஆங்கிலத்தில் 'ஜி' போட்டுத் தொடங்கியிருந்தார்கள். ஆதாரில் 'என்'. முன்பு வேலை பார்த்த கப்பல் ஏஜென்சி, சான்றிதழைப் பார்த்துப் பெயரை எழுதியது; புது கம்பெனி ஆதாரைப் பார்த்து. சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார். மத்தியானம் கன்டெய்னர் யார்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் என்றார்கள். முன்பணம் கட்ட வழியில்லை, காப்பீட்டைத்தான் நம்பியிருந்தோம். அவருக்கு இதய நோய் பழைய வேலையில் இருந்தபோதே உண்டு. பழைய நோய்க்குப் புதுக் காப்பீடு மூன்று வருடம் கழித்துத்தான் பணம் தரும். முன்பும் இடைவெளியில்லாமல் காப்பீடு இருந்தது என்று காட்டினால் அந்தக் காத்திருப்பு இல்லை. எங்களுக்கு இருந்தது. பழைய காப்பீட்டு அட்டையையும் புதியதையும் கொடுத்தேன்.

இன்சூரன்ஸ் மேசைப் பெண் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்தாள். "இது ஜி, அது என். ரெண்டும் ஒரே ஆள்தான்னு பழைய கம்பெனி லெட்டர் வேணும்க்கா."

"ஞா-வுக்கு இங்கிலீஷ்ல ஏதும்மா எழுத்து?"

"எனக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குத் தெரியாதுல்லா."

பழைய ஆபீஸ் மேனேஜர் லிங்கராஜ் அண்ணாச்சி என்னை வெகுநேரம் உட்கார வைத்தார். "இங்கன என்ன இருக்குன்னு கேட்டுட்டுப் போனாம்லா நேசன்? இப்பம் லெட்டர் இருக்கு, பாத்தியாம்மா."

"அண்ணாச்சி, அவிய உயிரு…"

"தாரேன், தாரேன். மொதலாளி கையெழுத்துப் போடணும்லா."

ஒருவழியாகக் கொடுத்தார். 'ஜி. நேசக்குமார் எங்களிடம் பணிபுரிந்தார்' என்று மட்டும் இருந்தது. 'என்' பற்றி ஒரு சொல் இல்லை. திரும்பவும் போனேன்.

வார்டில் இவர் கேட்டார்: "ரெண்டு ஆளுன்னா ரெண்டு ஆளாவே இருக்கட்டும். அதுல ஒருத்தனுக்காவது ஆபரேஷன் பண்ணுவானுவளா?"

சரியான கடிதம் கைக்கு வந்த அன்று அவர் இறந்தார். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அவர் போனில் ஒரு செய்தி: 'அன்புள்ள என். நேசக்குமார், உங்கள் முந்தைய காப்பீடு ஏற்கப்பட்டது.' லிங்கராஜ் அண்ணாச்சி அப்போது பக்கத்தில்தான் நடந்து வந்தார். போனை அவரிடம் நீட்டினேன். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டு வாசல் தூணில் மாமனார் பெயரைத் தமிழில் செதுக்கியிருக்கிறது. 'ஞானமுத்து'. அப்படியேதான் இருக்கிறது.