ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டீர்கள்

1
ஒரு வலைத்தளம் என்னை மறந்துபோனதில்தான் இந்தக் கதை கிளம்பியது. என் கணினியில் அது வைத்திருந்த 'குக்கீ' என்ற அடையாளத்தை அழித்தேன், உடனே முன்பின் தெரியாத ஆளாக என்னை வரவேற்றது. சே, இவ்வளவுதானா! அந்த எரிச்சலை எங்கே இறக்கிவைப்பது என்று அலைந்து, ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் இறக்கினேன்.

[பனி மூடிய ஒரு காலையில்... வேண்டாம். அங்கே எந்தக் காலைதான் மூடவில்லை?]

2
ரஞ்சிதம் அந்த ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. புருஷன் ஆண்டியப்பனுக்குக் கிட்னி போச்சு; டயாலிசிஸுக்கு மலைவளைவில் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறார். ஏதோ ஒரு கம்பெனி இலவச வேன் தருகிறதாம், இணையத்தில் எந்த ஊருக்கு ஓட்டு அதிகமோ அந்த ஊருக்கு. இன்று சாயங்காலத்தோடு முடிகிறது. போட்டிக்கு நிற்பது பக்கத்து ஊரான கம்போங் ராஜா. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் வேண்டும்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் இணையம் எடுக்காது. ஆபீஸ் கணினி முன்னால் சனம் வரிசை கட்டியது. கருப்பையா முதலில் போட்டார். அடுத்து மாரியம்மா. 'ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டீர்கள்' என்றது திரை.

"யாரு போட்டா? நான் இப்பதான் வரேன் லா!"

3
ரஞ்சிதம் எஃப் பன்னிரண்டு விசையை அழுத்தினாள். ஓரத்தில் ஒரு பெட்டி திறந்தது. 'அப்ளிகேஷன்', அதற்குள் 'குக்கீஸ்'. வரிசையாகப் பெயர்கள், 'வோட்டட்' என்பதற்கு எதிரே 'யெஸ்'. அந்த வரியை மட்டும் அழித்து, பக்கத்தை மறுபடி திறந்தாள்.

"அழிச்சா என் ஓட்டு போயிராதா?" கருப்பையா பதறினார்.

"ஓட்டு அவங்ககிட்ட போய்ச் சேந்துருச்சு மாமா. இது நம்ம கம்ப்யூட்டர்ல அவங்க வச்ச அடையாளம்தான். வாங்கக்கா, போடுங்க."

ஆள் மாற மாற அழித்தாள்.

[இதை எங்கே கற்றாள் என்று ஒரு பத்தி எழுதினேன். எனக்கே கொட்டாவி வந்தது.]

4
எல்லாரும் போய்விட்டார்கள். கம்போங் ராஜா இன்னும் கொஞ்சம் முன்னால். ரஞ்சிதம் மட்டும் நாற்காலியில்.

(அழித்தாள், போட்டாள், அழித்தாள், போ)

சீ, இவள் அப்படிப்பட்டவள் இல்லை.

(கணினியை மூடிவிட்டு எழுந்)

அதுவும் நம்பும்படி இல்லை. முந்தாநாள் டயாலிசிஸுக்குப் போன புருஷன் வழுக்கி விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தவள், அவ்வளவு சுளுவாக எழுந்திருப்பாளா?

ஆண்டியப்பன் வாசலில் வந்து நின்றார். "என்னா, ஜெயிச்சிட்டமா?"

"இன்னும் இல்லங்க."

"அங்கயும் பாவம்தான். புள்ளைங்க லோரி பின்னாடி நின்னுகிட்டே போவுதுங்களாம்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். இன்று அவருக்கு டயாலிசிஸ் முறை.

5
இரண்டு முடிவையும் அழித்துவிட்டேன். ஒவ்வொரு தடவை அழிக்கும்போதும் அவள் ஒன்றும் செய்யாதவளாக, புதிதாக உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. நானாக இருந்தால் திரும்பத் திரும்பப் போட்டிருப்பேன்.

அவள் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். ஓட்டுப் பொத்தான் அழுத்தத் தயாராக இருக்கிறது, உங்களை அதற்கு அடையாளம் தெரியாது. சீக்கிரம். வெளியே ஆண்டியப்பன் மோட்டாரை உதைக்கிறார், இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை.