வைக்கோல் பெட்டியில் செவலை

இதில் எவ்வளவு நான் கண்டது, எவ்வளவு நீலாவதி சொல்லிக் கேட்டது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. தண்ணீர் இடுப்பளவு என்றுதான் என் நினைவு. அவள் மார்பளவு என்பாள். அவள் சொன்னபடியே போகட்டும். இறங்கி நின்றவள் அவள்.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருக்கும் ராஜ்மோகன் நற்பணி மன்றத்துக்கும் தலைவர். மழைக்காலத்துக்கு முன்பே வெள்ள ஒத்திகை ஒன்று நடத்தினார். ‘மக்களையும் செல்லப்பிராணிகளையும் காப்போம்’ என்று பெரிய பேனர். வெள்ளத்தில் சிக்கிய மக்களாக மன்றத்து ஆட்களே நடித்தார்கள். நிஜ நாய் என்றால் கடிக்கும், மேடையில் காலைத் தூக்கும் என்பதால், பட்டறையிலிருந்து பீங்கான் நாய் ஒன்று வந்தது. நான்கு பேர் அதை ஸ்ட்ரெச்சரில் தூக்கி ஓடினார்கள். ஒருவர் துண்டால் அதன் முதுகைத் துவட்டினார். அது ஒருமுறைகூட முனகவில்லை. ஊரே மெச்சியது.

பட்டறையில் சரக்கு கட்டும் வேலை பார்க்கிற நீலாவதி மட்டும், “அந்த நாய்க்குத் துவட்டின துண்டை எனக்காச்சும் குடுத்திருக்கலாம், வேர்த்து ஊத்துது” என்றாள்.

கார்த்திகையில் புயல் வந்தது. மணிமுத்தாறு கரையை மீறிப் பட்டறைத் தெருவுக்குள் புகுந்தது. சனங்களைக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். கடலூரிலிருந்து லாரியில் வந்திறங்கிய பைபர் படகு ஒன்று தெருவுக்கும் மண்டபத்துக்குமாக ஓடியது. நீலாவதியும் மண்டபத்தில்தான் இருந்தாள். அவள் அண்ணன் பச்சமுத்து வரவில்லை. அவன் பட்டறைக் குடோனுக்குக் காவல்காரன். கல்யாணம் கட்டாதவன். செவலை என்ற நாயைத் தவிர வேறு நாதியில்லை. மண்டபத்தில் நாய்க்கு அனுமதியில்லை என்று தலைவர் சொல்லியிருந்தார். நாய் வராமல் நானும் வரமாட்டேன் என்று அவன் சொல்லியனுப்பியிருந்தான்.

மேலே ஏரி ஒன்று உடையப்போகிறது, இதுதான் கடைசி நடை என்றார்கள். அந்தக் கடைசி நடை போனது பச்சமுத்துவுக்காக அல்ல. குடோனில் இருந்த கார்த்திகை அகல்விளக்குப் பெட்டிகளுக்காக. எந்தப் பெட்டி எங்கே என்று காட்ட ஆள் வேண்டுமே என்று நீலாவதி ஏறிக்கொண்டாள்.

நீலாவதி தண்ணீரில் இறங்கிக் குடோனுக்குள் போனாள். பரணில் பச்சமுத்து நாயை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். ராஜ்மோகன் படகிலிருந்தபடியே வாசல் வழியாகக் குரல் கொடுத்தார்.

“பச்சமுத்து, அதைக் கட்டிப் போட்டுட்டு வாய்யா. தண்ணி வடிஞ்சதும் வந்து அவுத்துக்கலாம்.”

“வடிஞ்ச பெறகு எதை அவுக்கறதுங்க? சங்கிலியையா?”

நீலாவதிக்கு அந்த நாயைப் பிடிக்காது. அவள் வூட்டுக் கருவாட்டை இரண்டு முறை தின்ற நாய். அண்ணனையும் அன்று பிடிக்கவில்லை. “நாப்பது வருசமா உன்னை நான் கட்டி மேய்க்கிறேண்ணே, நீ இதை மேய்க்கிற” என்றாள். அவன் செவலையின் காதைத் தடவினான். தண்ணீர் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

வெளியே விளக்குப் பெட்டிகள் படகேறின. “அலுங்காம, கருப்பா, அலுங்காம” என்று தலைவர் படகுக்காரனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். பிறந்த பிள்ளையை வாங்குவது போலக் கருப்பன் ஒவ்வொன்றாக வாங்கினான்.

அதைப் பார்த்துக்கொண்டே பெட்டிகளை எடுத்துக் கொடுத்த நீலாவதி பரண் ஓரத்தில் இருந்த பெரிய மரப்பெட்டி ஒன்றை இழுத்தாள். உள்ளே பாதி வைக்கோல் திணித்தாள்.

“இதுக்குள்ள எறக்கு அதை.”

“மூச்சு முட்டுமே நீலா!”

“பலகைக்கு நடுவுல சந்து இருக்குது. நீ வாயை மூடிக்கிட்டு வா. அதுகிட்டயும் சொல்லு.”

நாயை வைத்து மேலே வைக்கோல் மூடிய பெட்டி படகுக்கு வந்தபோது தலைவர் முகம் சுளித்தார். “விளக்குப் பெட்டி இவ்ளோ கனமா?”

“ஒத்திகை நாய்ங்க மொதலாளி. இங்கயே கெடந்தா ஒடைஞ்சிடும்.”

அவர் முகம் மலர்ந்தது. “அடடா! நடுவுல வை. அடுத்த வருசத்துக்கு வேணுமில்ல?” தன் குடையை எடுத்துப் பெட்டிக்குப் பிடித்தார். தலைவர் நனைந்தார், பெட்டி நனையவில்லை. பச்சமுத்து ஏறியதை யாரும் கவனிக்கவில்லை.

பட்டறைத் தெரு ஆதிலட்சுமி வூட்டுக் கொல்லையைக் கடக்கும்போது, கட்டிப்போட்ட இரண்டு ஆடுகள் கத்தின. கயிற்றின் நீளம் தீர்ந்திருந்தது. தலை மட்டும் தெரிந்தது. “பாவம்” என்று சொல்லித் தலைவர் வேறு பக்கம் பார்த்தார். அப்போது பெட்டி குரைத்தது.

“என்ன இது, பீங்கான் கொரைக்குது?”

“நல்லா வெந்த சரக்குங்க மொதலாளி” என்றாள் நீலாவதி.

கருப்பன் சிரிப்பை அடக்கமுடியாமல் துடுப்பைத் தவறவிட்டுப் பிடித்தான். தலைவருக்கு மூக்கு சிவந்தது. “தூக்கி எறி அதை! மண்டபத்துல என்னைக் கேக்கமாட்டாங்களா?”

பச்சமுத்து ஒரு காலைப் படகுக்கு வெளியே போட்டான். “அப்ப நானும் எறங்கிக்கிறேங்க.” அவனுக்கு நீச்சல் தெரியாது. நீலாவதி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். படகு அதன் போக்கில் தெருமுனையைத் திரும்பியது.

மண்டப மொட்டைமாடியில் நானும் சனங்களும் நின்றிருந்தோம். எல்லார் கையிலும் போன், எல்லா போனும் படகை நோக்கி. வைக்கோலுக்கு மேலே செவலையின் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. தலைவர் நிமிர்ந்தார். குடையை நேராகப் பிடித்தார்.

“பாத்து, பாத்து! வாயில்லா ஜீவன்!” என்று மாடிக்குக் கேட்கும்படி கத்தினார்.

மாடியில் கைதட்டினார்கள். கைதட்டு அடங்கும் முன்பே நீலாவதி மாடியைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்: “விளக்கை எறக்கிட்டு ஆதிலட்சுமி ஆட்டையும் கொண்டாரப் போறாராம் மொதலாளி!” இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். ராஜ்மோகன் அவளைப் பார்த்த பார்வையில் பீங்கானே வெந்திருக்கும். ஆனால் படகு திரும்பியது.

ஒரு ஆடு கிடைத்தது. இன்னொன்று கயிற்றோடு செத்திருந்தது. ஏரி உடையவில்லை. ராஜ்மோகனுக்கு உயிர்நேயர் என்று விருது கொடுத்தார்கள். நீலாவதியை அவர் வேலையிலிருந்து நிறுத்தினார். அவள் இப்போது கம்மாபுரம் சாலையில் டீக்கடை வைத்திருக்கிறாள். கருப்பன் கடலுக்குப் போகிறான். பச்சமுத்து தங்கச்சி கடையிலேயே படுத்துக்கொள்கிறான். செவலை மறு வருடம் வயதாகிச் செத்தது.