உள்ளே மூன்று கொப்புளம்

எங்கள் ஊரில் பிள்ளைகள் குரலில்லாமல் பிறக்கின்றன. குரல் தேரிக்காட்டுச் செம்மணலுக்குள் ஏதாவது ஒரு பழைய கண்ணாடிப் பாட்டிலில் இருக்கும். நாற்பது நாளுக்குள் தாய் போய் அடையாளம் பார்த்து எடுத்து வர வேண்டும். நாற்பது தாண்டினால் காற்று மணல்மேட்டை இடம் மாற்றிவிடும். அப்புறம் அந்தக் குரல் தேரிக்குச் சொந்தம்.

என் மகள் பெனிட்டா பிறந்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. அவள் அழுவது கண்ணுக்குத்தான் தெரியும், காதுக்குத் தெரியாது. அதனால் அவள் முகத்தை விட்டு நான் கண்ணை எடுப்பதே இல்லை. நான் குளிக்கப் போகும்போது என் வீட்டுக்காரர் செல்வின் பார்த்துக்கொள்வார். "ஏட்டி, வாயத் தெறக்கா" என்று கதவுக்கு வெளியே நின்று சொல்வார். நான் சோப்பு நுரையோடு ஓடி வருவேன். கொட்டாவியாக இருக்கும்.

இத்தனை நாள் ஏன் போகவில்லை என்றால், பயம். பாம்பு, வெயில், எல்லாவற்றையும் விடத் தவறான பாட்டிலை எடுத்துவிடுவேனோ என்று. கீழத்தெரு ஸ்டெல்லா அவசரத்தில் ஒரு சாராய பாட்டிலைத் தூக்கி வந்துவிட்டாள். எட்டு மாதத்தில் அவள் பிள்ளை எல்லோரையும் "மாப்ள" என்கிறது. பாசமான பிள்ளைதான்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு கையில் இருந்தது. "வெள்ளைக் கண்ணாடி, வெயில் பட்டு இளம் ஊதா. அச்சு இணைந்த தையல் கோடு உதடு வரை ஏறாது, கழுத்தில் நின்றுவிடும். தக்கை மூடி. உள்ளே கடுகளவில் மூன்று காற்றுக் கொப்புளம். காதில் வைத்தால் பசி."

அன்றைக்கு விடிந்ததும் கிளம்பினேன். உடைமரத்தடியில் முதலில் கிடைத்தது ஒரு கோலி சோடா பாட்டில். காதில் வைத்தேன். ஒரு ஆண் தொண்டையைச் செருமினார். மன்னிப்புக் கேட்டு மறுபடி புதைத்தேன். அடுத்தது விளக்கெண்ணெய் பாட்டில், நீலம். உள்ளே யாரோ ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று வந்தது. ஐம்பத்தாறு என்று திருத்திவிட்டு வைத்தேன்.

மூன்றாவது மணலுக்கு மேலேயே சாய்ந்து கிடந்தது. இளம் ஊதா. நகத்தால் தையல் கோட்டைத் தடவினேன், கழுத்தில் நின்றது. கொப்புளத்தை நாலு தடவை எண்ணினேன். நாலு தடவையும் மூன்று. காதில் வைத்தேன். பசி.

வீட்டு வாசலுக்கு வந்ததும் தக்கையைப் பிடுங்கி, வெந்நீரும் சோப்புத் தூளும் போட்டு மூன்று தரம் கழுவிக் கவிழ்த்தேன். வெளியிலிருந்து வருவதைக் கழுவாமல் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று பன்னிரண்டு வருஷம் சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பாட்டிலுக்கு முத்திரை வைப்பது பஞ்சாயத்து ஆபீஸில் அருமைத்துரை அண்ணாச்சி. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பாட்டிலு இதுதான். கொப்புளம் மூணும் இருக்கு. உள்ளதான் ஆளில்ல. கழுவுனியாம்மா?"

"ஆமா அண்ணாச்சி."

"கான்வென்டா?"

"ஆமா."

"அதானே. மத்த பிள்ளைக மண்ணோட கொண்டாந்துரும்." மேசைக்கடியிலிருந்து பச்சைப் படிவம் ஒன்றை எடுத்தார். தலைப்பில் "கழுவியோர்" என்று அச்சடித்திருந்தது. "தண்ணிய எங்க ஊத்துன?"

"முருங்க மூட்டுல."

"பொழச்ச, போ. சாக்கடைல ஊத்திருந்தா ஊர் பூரா அந்தக் குரல வாடகைக்குல்ல எடுத்திருக்கும்." படிவத்தில் மருந்துச் சீட்டு மாதிரி எழுதி முத்திரை குத்தினார். தாய்க்கு முருங்கைக் கீரை, இரண்டு நாள், பூண்டு சேர்த்து.

"வேற யாருக்க குரலாவது வந்துட்டா அண்ணாச்சி?"

"அத நான் சொல்ல முடியாது. உனக்கே தெரியும்."

வீட்டுக்கு வந்தபோது முருங்கை அழுதுகொண்டிருந்தது. நான் கேட்டிலேயே நின்றேன். பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. யாருடைய குரல் என்று அதற்கப்புறம் நான் யாரிடமும் கேட்கவில்லை.

செல்வின் மரத்தில் ஏறிக் கிளை கிளையாக ஒடித்துப் போட்டார். நான் உருவி உருவி வதக்கித் தின்றேன். பெனிட்டா பால் குடித்தாள். கீரை குறையக் குறைய மரத்தின் அழுகை மெலிந்தது. நாற்பதாம் நாள் காலை மரம் மொட்டையாக, அமைதியாக நின்றது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். அழுகை கேட்டது. நான் ஓடவில்லை. கடைசிச் சொம்பு வரை ஊற்றிக் குளித்தேன். நாற்பது நாளில் அன்றைக்குத்தான் முதுகு தேய்த்தேன்.

தெருவே வந்து கேட்டுவிட்டுப் போனது. ஸ்டெல்லாவின் பிள்ளை "நல்லாருக்கு மாப்ள" என்றது. கல்கண்டு கொடுத்தோம்.

மூன்றாம் மாதம் செல்வின் அவள் வயிற்றில் வாயை வைத்து ஊதினார். அவள் முகமெல்லாம் மலர்ந்து வாயைத் திறந்தாள். சிரிப்புச் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டது.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, என் ஆடு சிரிக்கு."

"அது எங்க சிரிப்புக்கா. எங்க முருங்கைய மேஞ்சிச்சா?"

"அன்னைக்கு ஒரு கிளை இந்தப் பக்கம் விழுந்துச்சு. நான்தான் போட்டேன்."

"அப்ப அதான்."

"அப்ப ஆட்ட நீயே கட்டிக்கோ. நான் சண்ட போடுறப்ப எல்லாம் சிரிச்சா எனக்குச் சரிப்படாது."

இப்போது ஆடு எங்கள் முன்னறையில் இருக்கிறது. தொட்டிலுக்கும் அதற்கும் இரண்டடி. குழந்தை சிரிக்க, அது சிரிக்க, எது முதலில் என்று எங்களுக்குத் தெரிவதில்லை. எனக்குப் பயம் குறைந்திருக்கிறது. அடுப்படியில் வேலையாக இருந்தாலும் அழுகை தொட்டிலிலிருந்து கேட்கும், சிரிப்பு ஆட்டிடமிருந்து கேட்கும். இரண்டும் கேட்கவில்லையென்றால் தூங்குகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஆட்டை எங்கே நிறுத்துவது என்று ஃபாதரிடம் கேட்டேன். பாடகர் குழுவில் இரண்டாம் குரலுக்கு ஆள் குறைகிறது என்றார். வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகை. கழுவாமல் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்.