புளூ நதி லீகின் கடைசி அம்பயர்

புளூ நதி லீக் உயிரோடு இருந்தது மொத்தம் ஒன்றரை வருஷம். அதிலும் பாதி நாள் இழுபறிதான். நெப்ராஸ்காவின் சோளக்காடுகளுக்கு நடுவே நாலு சின்ன ஊர்கள் ஒன்றுசேர்ந்து, நாங்களும் சம்பளத்துக்கு ஆள் வைத்து பேஸ்பால் ஆடுவோம் என்று 1913-இல் ஜம்பமாக ஆரம்பித்தார்கள். மறு வருஷம் ஜூன் மாதம் ஆலங்கட்டி மழை ஓர் ஊரின் சோளத்தையெல்லாம் அடித்துப் போட்டது. அந்த ஊர் கழன்றுகொண்டது. ஜூலையில் இன்னோர் ஊரின் பந்துவீச்சுக்காரன் மேயரின் மகளைக் கூட்டிக்கொண்டு ஓடினான். அத்தோடு அந்த அணியும் போச்சு. மிஞ்சியவை நோவா லூக்காவும் ஹார்ட்லியும். இரண்டே ஊரை வைத்துக்கொண்டு ஒரு லீகாம்! வேறு போக்கிடம் இல்லாமல் இவர்கள் அவர்களோடும் அவர்கள் இவர்களோடும் ஆடி ஆடி, ஒருவன் முதுகில் எங்கே மச்சம் என்பதுகூட மற்றவனுக்குத் தெரிந்துவிட்டது. செப்டம்பர் வந்தபோது இரண்டு பேரும் வெற்றியில் சமம். கடைசி சனிக்கிழமை, நோவா லூக்காவில், ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. அது முடிந்ததும் லீகையும் இழுத்து மூடிவிடுவது என்று முந்தின மாதமே பெரிய மனிதர்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள்.

ஊரே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது. சந்தோஷப்பட்டவன் ஒரே ஒருத்தன், அம்பயர் ஓரின் டட்டில்.

அந்த ஏழை லீகுக்கு அம்பயர் அவன் ஒருத்தன்தான். நாற்பத்தோரு வயது, நெடுநெடு உடம்பு, அதிகம் பேச மாட்டான். நாலு ஊரிலும் அவன் வாங்காத வசவு கிடையாது. விடுதிக்காரர்கள் அவனுக்கு அறை தர மறுத்தார்கள். நோவா லூக்காவில் இடம் கொடுத்தவள் ஆனெஷ்கா மட்டும்தான். முப்பத்தாறு வயது, கணவனை இழந்தவள், ரொட்டிக்கடை வைத்திருந்தாள். கடைக்கு மேலே இருந்த சின்ன அறையை அவனுக்கு விட்டிருந்தாள். காலையில் பிளம்ஸ் வைத்துச் சுட்ட கோலாச்சி ரொட்டியும் காப்பியும் கொடுத்து, உட்கார வைத்து உபசரிப்பாள். சாயங்காலம் மைதானத்தில் முதல் வரிசையில், ஓடுகிறவர்கள் மிதிக்கிற மூன்றாவது திண்டுக்கு நேராக உட்கார்ந்து, அதே ஆளை வாய் ஓயாமல் திட்டுவாள்.

அவள் குரல் அப்படிப்பட்டது. "யோவ் அம்பயர், கண்ணை வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா? மேல போய் எடுத்துட்டு வா, கதவு தொறந்துதான் கெடக்கு!" என்று அவள் ஒரு கத்துக் கத்தினால் ரயிலடிவரை கேட்கும். ஹார்ட்லி அணியின் கேப்டன் ஹாஸ்கின்ஸ் மூன்றாவது திண்டில் நின்று ஆடுகிறவன். அவள் குரலுக்குப் பயந்து அந்தப் பக்கத்துக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வருவான்.

ஓரினுக்கு அவள்மேல் ஆசை வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் வாயைத் திறக்க முடியாது. அம்பயர் ஓர் ஊர்ப் பெண்ணோடு பழகுகிறான் என்று தெரிந்தால் மற்ற ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? அதனால் மனசுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தான். இப்போது லீகே ஒழியப் போகிறது. கன்சாஸில் வேறொரு லீகில் வேலை கிடைத்திருந்தது. சாயங்காலம் ஐந்து பத்து ரயிலில் போக வேண்டும். போவதும் போகாததும் அவள் கையில் இருந்தது.

மத்தியானம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தவன் கடையில் தயங்கி நின்றான்.

"ஆட்டம் முடிஞ்சா நான் அம்பயர் இல்லைங்க. அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "மொதல்ல ஆட்டத்தை ஒழுங்காப் பாருங்க மிஸ்டர் டட்டில். எங்க ஊரு ஜெயிச்சா நான் நல்ல மனசோட இருப்பேன்."

ஓரின் பெட்டியோடு மைதானத்துக்கு நடந்தான். இதற்கு அவள் ஒன்றும் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

ஆட்டம் என்னவோ பிரமாதம்தான். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதிவரை மூன்றுக்கு மூன்று. நோவா லூக்காவில் இரண்டு பேர் அவுட். இன்னொருத்தன் போனால் இன்னிங்ஸ் முடிந்தது. அடிக்க வந்தவன் ஆனெஷ்காவின் தம்பி மத்தேய், கசாப்புக்கடைக்காரன், மலை மாதிரி ஆள். முதல் பந்தையே ஒரு சாத்துச் சாத்தினான் பாருங்கள், பந்து எல்லாருடைய தலைக்கும் மேலே பறந்து போய், தூரத்தில் நின்றிருந்த குதிரை வண்டிகளின் சக்கரங்களுக்குள் உருண்டுவிட்டது. ஹார்ட்லி ஆட்கள் வண்டிக்கடியில் படுத்துத் துழாவிக்கொண்டிருக்க, மத்தேய் திண்டு திண்டாகச் சுற்றி ஓடினான். ஓரினும் கூடவே மூன்றாவது திண்டுப் பக்கம் ஓடினான். ஒற்றை அம்பயர் என்றால் எல்லா மூலைக்கும் அவனேதான் ஓட வேண்டும்.

மூன்று திண்டையும் மிதித்துவிட்டுத்தான், அடித்த இடத்தில் பதித்திருக்கிற தகட்டுக்குத் திரும்பி வர வேண்டும். அதுதான் ரன். மத்தேய் முதலாவதை மிதித்தான், இரண்டாவதையும் மிதித்தான். மூன்றாவதில், அக்காவைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே வந்த மடையன், ஒரு சாண் உள்ளே தள்ளிக் காலை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஓரின் பார்த்துவிட்டான்.

மத்தேய் தகட்டில் விழுந்து எழுந்தான். நாலுக்கு மூன்று. தொப்பிகள் பறந்தன, பேண்டு வாத்தியம் ஆளுக்கொரு ராகமாக முழங்கியது. ஓரின் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. எதிரணி கேட்டால்தான் அம்பயர் தீர்ப்புச் சொல்லலாம். கேட்காமல் சொல்லவும் கூடாது, ஜாடை காட்டவும் கூடாது. அவர்கள் கேட்காமலே மைதானத்தை விட்டு வெளியேறிவிட்டால் ரன் ரன்தான், அதுவரை காத்திருக்க வேண்டும். போங்கடா, கேட்காதீங்கடா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், ரயிலைப் பிடிங்கடா என்று அவன் மனசு கெஞ்சியது. அப்படிக் கெஞ்சியதற்காக அவனுக்கே வெட்கமாகவும் இருந்தது.

ஹார்ட்லி ஆட்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். ஹாஸ்கின்ஸும் காதிலிருந்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு நாலடி நடந்தான். அப்புறம் நின்றான். என்னவோ குறைகிறதே! ஊரே கத்துகிறது, ஒரு குரலை மட்டும் காணோம். திரும்பிப் பார்த்தான். முதல் வரிசையில் ஆனெஷ்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. அவள் கண் தம்பியைப் பார்க்கவில்லை, மூன்றாவது திண்டையே பார்த்துக்கொண்டிருந்தது. ஹாஸ்கின்ஸும் அங்கே பார்த்தான். ஈர மண்ணில் மத்தேயின் பெரிய ஆணிச் செருப்புத் தடம் திண்டுக்கு ஒரு சாண் தள்ளி அழகாகப் பதிந்திருந்தது.

அவன் பந்தைக் கேட்டு வாங்கினான். திண்டின்மேல் ஏறி நின்றான்.

"ஓரின், அவன் இதை மிதிச்சானா?"

அந்த ஒரு நிமிஷத்தில் ஓரின் ஆனெஷ்காவைப் பார்க்கவில்லை. பார்த்தால் நாக்கு எழும்பாது என்று அவனுக்குத் தெரியும்.

"இல்லை. அவுட்," என்றான்.

அவ்வளவுதான். ரன் போச்சு, இன்னிங்ஸ் போச்சு. சந்தோஷத்தில் தொப்பியை எறிந்தவர்கள் இப்போது கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தார்கள். வேலியைத் தாண்டிக்கொண்டு ஐம்பது அறுபது பேர் ஓடி வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் மத்தேய். போயிற்று, கன்சாஸுக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தாலே பெரிய விஷயம் என்று ஓரின் நினைத்துக்கொண்டான்.

"எல்லாம் நில்லுங்க!"

ரயிலடிவரை கேட்கும் அந்தக் குரல்தான். ஆனெஷ்கா பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்தாள்.

"அவர் சொன்னது சரி. நானும் பாத்தேன்."

கூட்டம் அப்படியே நின்றது. மத்தேய் பரிதாபமாக, "என்னக்கா நீ!" என்றான்.

"மிதிச்சியாடா? எம் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

அவ்வளவு பெரிய ஆள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான், தடத்தைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். "கொஞ்சம் தள்ளிருச்சுக்கா," என்றான். யாரோ ஒருவர் களுக்கென்று சிரிக்க, அது பரவி, கல்லை ஓங்கியவனும் கல்லைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். அவள் விடவில்லை. "ரெண்டு வருஷமா இந்த மனுசனைக் குருடன்னு திட்டுனது எல்லாம் ஒரு ருசிக்குத்தான். இந்த லீகுலயே ஒழுங்காக் கண்ணு தெரியிறது இவருக்கு மட்டுந்தான். இவரு மேல எவனாவது கை வச்சீங்க, திங்கக்கிழமை எவனுக்கும் ரொட்டி கிடையாது," என்றாள்.

அப்போது மாதா கோவில் மணி ஐந்து அடித்தது. ஹார்ட்லி ஆட்களின் ரயிலுக்காக, ஐந்துக்கு மேல் புது இன்னிங்ஸ் கிடையாது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தார்கள். மூன்றுக்கு மூன்று. ஆட்டமும் முடிந்தது, கோப்பை யாருக்கு என்று தெரியாமலே புளூ நதி லீகும் முடிந்தது. இன்றைக்கும் இரண்டு ஊரும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்கின்றன. ஹார்ட்லிக்காரர்கள் ஆட்ட உடுப்போடே ரயிலடிக்கு ஓடினார்கள். பாதி வழியில் ஹாஸ்கின்ஸ், "ஓரின், வாப்பா, வண்டி வந்துரும்," என்று கூப்பிட்டான்.

ஓரின் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான், ஆனால் ரயிலடிப் பக்கம் இல்லை. முதல் வரிசைக்கு முன்னால் போய் நின்றான். அம்பயர் தொப்பியைக் கழற்றினான். ஊர்க்காரர் ஒருவர்கூட வீட்டுக்குப் போகாமல் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"உங்க ஊரு ஜெயிக்கலை," என்றான்.

"பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். ஏதோ கேக்கணும்னீங்க?"

இத்தனை பேர் நடுவிலா என்று ஒரு கணம் தயங்கினான். பிறகு, இவர்கள் முன்னால் சொல்லாத தீர்ப்பா என்று தோன்றியது. "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டான்.

தூரத்தில் ரயில் ஊதியது. அவள் அவசரப்படவில்லை.

"காலையில மூணு மணிக்கு அடுப்பு மூட்டணும். எந்திரிப்பீங்களா?"

"எந்திரிப்பேன்."

"மாவு பெசையத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியும்னு பொய் சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேன்," என்றாள். பெஞ்சிலிருந்து இறங்கி வந்து அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தம்பியிடம் கொடுத்தாள். "டேய், மாமாவோட பெட்டியை மேல கொண்டுபோய் வை. இந்த வாட்டியாவது ஒரு படியையும் மிதிக்காம விட்டுராத."

நோவா லூக்கா கைதட்டியது. முதலில் யாருக்குத் தட்டுகிறார்கள் என்று ஓரின் திரும்பிப் பார்த்தான். அவனுக்குத்தான். பதினேழு வருஷமாக மைதானம் மைதானமாக நின்றவனுக்கு ஒருத்தர்கூட ஒருநாளும் கைதட்டியதில்லை. அம்பயராக இருந்திருந்தால் அழுகையை எப்படியாவது அடக்கியிருப்பான். இப்போதுதான் அம்பயர் இல்லையே, ஆனெஷ்காவின் மாவு பிசைகிற கையைப் பிடித்துக்கொண்டு ஆசை தீர அழுதான்.