கோசரா வீட்டுக்குப் பிந்திய லாரி

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, அடுப்புப் பக்கம் இடம் இருக்கு. எங்கள் அரிலே மலைச்சரிவில் ராஸ்பெர்ரிப் பழத்தால் ஒருத்தி தன் உயிர்த்தோழியை இழந்த கதை சொல்கிறேன்.

அவள் பெயர் பெர்சிதா. அவள் மகனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் கோசரா. அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கூமா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

பறிப்புக் காலத்தில், பழம் வாங்குகிற குளிர்கிடங்குக்காரர் வுகாஷின் சாயங்காலமானால் வீடு வீடாகப் போன் போடுவார். "நாளைக்கு எத்தனை பெட்டி?" சொல்கிற கணக்குக்குத்தான் லாரி வரும். ஆனால் எங்கள் ஊரில் விளைச்சலை உள்ளபடி சொல்கிற வழக்கம் கிடையாது. நிறைய என்று சொன்னால் விலையை இறக்கிவிடுவார்களோ என்று பயம். கிடங்கில் எவ்வளவு இடம் என்று அவரும் வாயைத் திறக்க மாட்டார்.

அந்த வருஷம் கோசராவின் மகன் பெல்கிரேடிலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "இந்தப் பறிப்பும் வீணாப்போச்சுன்னா செடியெல்லாம் பிடுங்கிட்டு என்கூட வந்துடணும்மா."

அதனால் கோசரா போனில் உண்மையைச் சொன்னாள். பெர்சிதாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏன் கூமா, வுகாஷின் என்ன பாதிரியாரா? எல்லாத்தையும் ஒப்பிச்சிருக்கியே!"

"லாரியில இடம் வேணும் கூமா. எனக்கு இந்தத் தடவை தப்பவே கூடாது."

பெர்சிதா வழக்கம்போலப் பாதிதான் சொன்னாள்.

மறுநாள் வெயில் தீயாய்க் காய்ந்தது. பெர்சிதாவின் வீடு மேல்வளைவில், லாரி முதலில் நிற்கிற இடம். டிரைவர் மிலுன் தலையில் கை வைத்தான்.

"என்னக்கா, பாதின்னீங்க! இங்க தோட்டமே பெட்டிக்குள்ள உக்காந்திருக்கு. கோசராக்காவுக்கு எங்க போறது?"

"இன்னொரு நடை வரமாட்டியா என்ன?"

"சாயங்காலமாயிடுமே!"

பெர்சிதா தானே பெட்டிகளைத் தூக்கி ஏற்றினாள்.

மிலுன் திரும்பி வந்தபோது கோசராவின் பெட்டிகளுக்கடியில் சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. குளவிகள் மொய்த்தன. கிடங்கில் வுகாஷின் ஒரு பழத்தை விரலால் தொட்டார். அது கூழாக ஒட்டியது. பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பெர்சிதா போய்க் கோசராவின் சமையலறையில் நின்றாள். "என்னாலதான் கூமா."

"நீ இல்லேன்னா வேற யாராவது ஏத்தியிருப்பாங்க. காப்பி ஆறுது, குடி."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. இலையுதிர் காலத்தில் கோசரா செடிகளைப் பிடுங்கிவிட்டு மகனோடு போனாள்.

அடுத்த பறிப்புக்கு முன் பெர்சிதா எல்லோரையும் கிடங்கு முற்றத்தில் கூட்டினாள். முதலில் தன் விளைச்சலை உள்ளபடி சொன்னாள். வுகாஷின் தன் கிடங்கு நிலவரத்தைச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். இப்போதெல்லாம் லாரி நேரத்துக்கு வருகிறது, பழம் கசிவதில்லை. ஊரே அவளை மெச்சுகிறது. அவளுக்கு அது காதில் ஏறுவதில்லை. எப்போதாவது பெல்கிரேடுக்குப் போன் போடுவாள். "அங்க மழையா கூமா?" என்பதற்குமேல் பேச்சு நகர்வதில்லை.

போய்ப் படுங்க கண்ணுகளா. உங்கள் வீட்டுக்கு வரவேண்டிய நல்லதெல்லாம் கெடாமல் வந்து சேரட்டும். உங்கள் வாசலைத் தாண்டிப் போனவர்களும் ஒருநாள் சிரித்த முகமாய்த் திரும்பி வரட்டும்.