காற்றுப் பக்கம் உட்கார்ந்தவள்

அண்ணியும் நாத்தனாரும் என்றால் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று ஊருக்கு ஓர் எதிர்பார்ப்பு. எங்களைப் பார்த்துப் பலருக்கும் ஏமாற்றம்தான். சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் செல்லும் பாய்மரப் படகில் ஒரே பலகையில் ஒட்டி உட்கார்ந்து வாசிப்பவர்கள் நாங்கள். என் மடியில் மாண்டலின், நாத்தனார் மடியில் உகுலேலே என்ற குட்டி கிதார். வீட்டில் அவளை வாலு என்று கூப்பிடுவோம். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

படகில் வாசிப்பதில் ஒரு தொல்லை உண்டு. உப்புக் காற்றில் கம்பிகள் சட்டென்று சுருதி இறங்கிவிடும். காற்று வரும் பக்கம் உட்கார்ந்தவருக்குத் தன் வாசிப்பே சரியாகக் கேட்காது. அத்தனையும் அடுத்தவர் காதில் வந்து விழும். எனக்குக் காதில் காற்று பட்டால் வலி உயிரை எடுக்கும் என்பதால் அந்தப் பக்கம் எப்போதும் வாலுதான். அவள் கம்பி இறங்கினால் நான் முழங்காலால் ஓர் இடி இடிப்பேன். முகத்தில் சிரிப்பு மாறாமல் அவள் முறுக்கிச் சரிசெய்துகொள்வாள். பயணிகளுக்கு எதுவும் தெரியாது.

இன்று எங்கள் வாசிப்பைக் கேட்க ஓர் ஓட்டல் மேனேஜர் படகில் ஏறியிருந்தார். மழைக்காலத்தில் படகு ஓடாது, எங்களுக்கும் வீட்டில் ஈ ஓட்டுகிற வேலைதான். அவருடைய ஓட்டலில் வருஷம் முழுக்க வாசிக்கலாம். ஆனால் ஒருவருக்குத்தான் இடம்.

"யாருக்குக் கெடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே அண்ணி," என்றாள் வாலு. "மூஞ்சிய உர்ருன்னு வெச்சுக்காதீங்க. அந்த ஆளு பயந்து தண்ணியில குதிச்சிடப் போறாரு."

என் உதடு மட்டும்தான் சிரித்தது. வீட்டுக்கு வந்தால் எனக்குப் போதாது, எனக்கே வர வேண்டும். இத்தனை வருஷமாக எல்லோருக்கும் நான் வாலுவோடு வாசிக்கிற அண்ணி. அவ்வளவுதான் என் பெருமை.

இரண்டாவது பாட்டின் நடுவில் அவள் கம்பி இறங்கியது. முதலில் லேசாக, பிறகு நாராசமாக. என் முழங்கால் அவள் காலை ஒட்டியேதான் இருந்தது. கொஞ்சம் அசைத்தால் போதும். இந்த வரி முடியட்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது முடிந்ததும் அடுத்த வரி முடியட்டும் என்றேன். பாவி, அசைக்கவே இல்லை. வாலு ஒன்றும் தெரியாமல் தலையை ஆட்டி ஆட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். நான் மாண்டலினை ஓங்கி மீட்டினேன். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். சீ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது. ஆனாலும் விரல் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

பாட்டு முடிந்ததும் அவர் எங்களிடம் வந்தார்.

"நீங்க வந்து சேர்ந்துக்கோங்க," என்றார் என்னிடம். பிறகு வாலுவைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "தப்பா நெனைக்காதீங்கம்மா, உங்க கம்பி ரொம்ப எறங்கிடுச்சு. அது வெளிய தெரியக்கூடாதுன்னு இவங்க சத்தத்தக் கூட்டி வாசிச்சு உங்களக் காப்பாத்தினாங்க. கூட இருக்கறவங்கள விட்டுக்கொடுக்காத ஆளுதான் எங்க குழுவுக்கு வேணும்."

வாலுவின் முகம் சுண்டிப்போனது. குனிந்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தாள். ஏன் இடிக்கவில்லை என்று இப்போது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டுத் தொலைத்தால் தேவலை என்றுகூட இருந்தது.

அவள் நிமிர்ந்தாள். "படகு ஆடின ஆட்டத்துல நீங்க இடிச்சது எனக்குத் தெரியவே இல்ல அண்ணி."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மேனேஜர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு தடவ இடிச்சேன்டி," என்றேன்.

"அய்யோ," என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னால உங்களுக்கும் போயிருக்குமே. மன்னிச்சிடுங்க அண்ணி."