பெல்ட்டு பாட்டுக்காரன்

பெங்களூர் மர்பி டவுனில் யார் செத்தாலும் ஒரு காலத்தில் முதலில் கூப்பிட்டது கணேசமூர்த்தியைத்தான். சாவு மேளம் அடிக்கிற பையன்களுக்கு முன்னால் நின்று, செத்தவரைப் பற்றி மடமடவென்று அடுக்கிப் பாடுவான். அதில் ஒரே சட்டம், செத்தவன் தங்கமான மனுஷன். பெண்டாட்டி பல்லை உடைத்தவனும் தங்கம்தான். கேட்கவே எரிச்சலாக இருக்கும்.

அவனுக்கும் எரிச்சல்தான். டென்சில் என்கிற கூட்டாளி கம்ப்யூட்டரில் தாளம் போட்டுக் கொடுக்க, சொந்த அப்பன் அய்யாவு தன்னை பெல்ட்டால் விளாசியதை அப்படியே ராப்பாகப் பாடினான். மைக்கில் பொய் சொல்ல மாட்டேன் என்று அதிலேயே சவால் வேறு. சும்மா சொல்லக் கூடாது, பிய்த்துக்கொண்டு போனது. காலேஜ் விழா, கோரமங்களா பப், இரண்டாயிரத்து ஆறில் ரேடியோவின் தமிழ்ப் பாட்டு நேரம். எலெக்ட்ரானிக் சிட்டி போகிற கம்பெனி கேப்களில்கூட அதுதான் அலறியது. பையன் ஆடுகோடிப் பக்கம் தனி வீடு எடுத்துக்கொண்டான். அப்பனோடு பேச்சே இல்லை.

அந்த அய்யாவுதான் ஒரு செவ்வாய்க்கிழமை பொசுக்கென்று போய்ச் சேர்ந்தார்.

கணேசமூர்த்தி வந்து பிணத்தைப் பார்த்தான். துக்கமும் இல்லை, கோபமும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

மேளக்காரப் பையன் மைக்கை நீட்டினான். "பாடு குரு, உன் அப்பாவாச்சே."

தெருவே அவன் வாயைப் பார்த்தது. அம்மா வேதநாயகி கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நல்ல வார்த்த பாடுடா. ஊருக்கெல்லாம் பாடிட்டு இவர சும்மா அனுப்புனா நான் எப்டிடா இந்தத் தெருவுல தல காட்டுவேன்?"

"பொய் பாட மாட்டேம்மா. நெசமா ஒரு நல்லது சொல்லு. ஒண்ணே ஒண்ணு. பாடுறேன்."

பாவம், யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். பாடையைத் தூக்க ஆட்கள் வந்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"உன் பாட்டு ரேடியோல வந்தா சவுண்ட கூட்டி வெப்பாரு."

"எது, பெல்ட்டு பாட்டா? அவரப் பத்தினு தெரியுமா?"

"தெரியாம என்ன? பையன் சொல்றது அத்தனையும் நெசந்தான்னு சொல்வாரு."

கணேசமூர்த்தி மைக்கை வாங்கினான். "எம்பாட்டு வந்தா சத்தம் கூட்டினாரு எங்கப்பன்" என்று எடுத்தான். மேளம் அதைப் பிடித்துக்கொண்டது. சுடுகாடு வரைக்கும் அதே வரிதான். வாசலுக்கு வாசல் பெண்கள் அழுதார்கள், டென்சில் தேம்பித் தேம்பி அழுதான். பாடியவனுக்கு மட்டும் கண்ணீரும் வரவில்லை, அடுத்த வரியும் வரவில்லை.